தலைக்காயம் பட்ட அண்ணனை இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

திண்டுக்கல் தங்கை:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு இப்போது 38 வயது. 2022-ஆம் ஆண்டு, இரவுப் பணி முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போது நாற்கரச் சாலையின் நடுத்தடுப்பில் மோதி விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தார்; ஆனால் அதன் வாரைப் பூட்டியிருக்கவில்லை. மூளையில் இரத்தக் கசிவு இருந்ததால் அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து, இடப்பக்க மண்டையோட்டு எலும்பை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து அதைத் திரும்பப் பொருத்தியபோது சீழ் பிடித்துவிட்டதால் மறுபடியும் அகற்ற நேர்ந்தது. இன்றுவரை அந்த இடத்தில் எலும்பு இல்லை, தோல் மட்டும்தான் மூடியிருக்கிறது. செயற்கைத் தகடு பொருத்துவதற்கு அடுத்த ஆண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வலக்கையும் வலக்காலும் தளர்ந்துபோயிருக்கின்றன. ஒருவர் பிடித்துக்கொண்டால் நடப்பார். பேச்சில் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் நாங்கள் பேசுவதில் பெரும்பகுதி அவருக்குப் புரிகிறது என்றே நம்புகிறேன். வலிப்புக்காகக் காலையும் இரவும் மாத்திரை கொடுக்கிறோம். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறார். எல்லாவற்றையும்விட எங்களை உடைத்துப்போட்டது இரவுதான். உறக்கமின்றி எழுந்து வாசற்கதவைத் திறந்து சாலைக்குப் போக முயல்கிறார், தடுத்தால் கத்துகிறார். இரண்டு முறை விழுந்துவிட்டார். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. அப்பா இல்லை. நான் வேலைக்குப் போய்க்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, முடிந்தவரை பார்த்துவிட்டேன்.

இதுவரை இரண்டு இல்லங்களைப் பார்த்திருக்கிறோம். முதலாவது சென்னைக்கு வெளியே புதிய கட்டடத்தில் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் சிசிடிவி, குளிர்சாதன அறைகள், பளபளக்கும் தரை. இரண்டாவது மதுரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. சுவரில் வண்ணம் உரிந்திருக்கிறது, ஆனால் கட்டணம் பாதிதான். இரண்டு இடத்திலும் முதியோரும் மனநலம் பாதித்தோரும் கலந்தே இருக்கிறார்கள். மூளைக்காயம் பட்டவர்களுக்கென்று தனியாக எதுவும் கண்ணில் படவில்லை. எங்களைச் சுற்றிக் காட்டியபோது இரு இடத்தாரும் அன்பாகத்தான் பேசினார்கள். எதைக் கொண்டு தரத்தை அளப்பது, அங்கே அவர் பத்திரமாக இருப்பார் என்று எப்படி நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்பதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதை உறவினர்களிடம் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

கோவை வாசி:

சகோதரி, உங்கள் கடைசி வரியை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். என் கணவருக்கு நெற்றிப்பக்கத்து மூளை அடிபட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நடப்பார், பேசுவார், பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு போய்விட்டது, நினைவும் தங்குவதில்லை. முதலில் சேர்த்த இல்லத்தில் பதினான்கு மாதம் இருந்தார். அதன் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போவேன். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, வரவேற்பறையில் உட்கார வைத்திருப்பார்கள். "எனக்குச் சாப்பாடே போடவில்லை" என்பார். அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டதே நினைவிருக்காது என்பதால் பொறுப்பாளரும் சிரிப்பார், நானும் நம்ப மாட்டேன். இல்லாததை நடந்ததாகச் சொல்லும் இயல்பு இந்தக் காயத்தில் உண்டு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்; ஆகவே அவர் சொன்னதையெல்லாம் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டேன். ஒரு நாள் வேறொரு காரணத்துக்காக மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது எடை பார்த்தார்கள்: சேர்த்தபோது 71 கிலோ, அன்று 58. சட்டையைக் கழற்றியதும் இரண்டு மணிக்கட்டுகளிலும் பட்டையாகத் தழும்பு தெரிந்தது. பெண் ஊழியரிடம் தகாத சொல் பேசியதற்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றும், மாலை ஆறு மணிக்கே உறக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டதால் இரவுச் சாப்பாடு பல நாள் இல்லாமலே போயிருக்கிறது என்றும் பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னது உண்மை. நினைவு இல்லாதவர் சொல்வது தவறாக இருக்கலாம் என்பதை, தவறாகத்தான் இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் அண்ணனால் சொல்ல முடியாது. அவர் உடம்புதான் சொல்லும். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே கூட நின்று பாருங்கள். போகும்போதெல்லாம் ஒரு வேளையாவது நீங்களே குளிக்க வைத்து, உடை மாற்றுங்கள். வாலெலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, மணிக்கட்டு, தோளின் உட்பக்கம் எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். படுக்கைப் புண் முதலில் சிவந்த தடமாகத்தான் தொடங்கும். அழுத்திப் பார்த்தால் அந்தச் சிவப்பு வெளிறாது. "குளிக்க வைப்பதற்கு உறவினரை அனுமதிப்பதில்லை" என்று ஓர் இல்லம் சொன்னால் அங்கே சேர்க்க வேண்டாம்.

இப்போது அவர் வேறோர் இடத்தில் இருக்கிறார். அங்கும் தகாத சொல் பேசத்தான் செய்கிறார். ஆனால் அவருக்கு உடை மாற்ற ஆண் ஊழியரை அனுப்புகிறார்கள்; பேச்சு திசைமாறும்போது கையில் வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொல்கிறார்கள். ஒரு நாளும் கட்டியதில்லை.

நரம்பியல் வார்டு செவிலியர்:

நான் பதினோரு ஆண்டு நரம்பியல் அறுவை சிகிச்சை வார்டிலும், அதன்பின் நான்கு ஆண்டு ஒரு மறுவாழ்வு இல்லத்திலும் பணியாற்றியவள். மேலே கோவை அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியாமல் இருந்தேன். எடையையும் உடம்பையும் பற்றி அவர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரவைப் பற்றி எழுதுகிறேன்.

பகலில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் வருவார், சமையல்காரர் இருப்பார், பொறுப்பாளர் இருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அவர்களில் செவிலியர் படிப்பு முடித்தவர் யார் என்று கேளுங்கள். "இரவில் ஆள் இருக்கிறார்" என்ற பதில் போதாது. வாசற்படியருகே பாய் விரித்து உறங்குபவரும் ஆள்தான். உங்கள் அண்ணன் எழுந்து நடமாடுவதும் விழுவதும் இரவில். வலிப்பும் உறக்கத்தில் வரக்கூடும். அடுத்து, அந்த இரவு ஊழியரிடமே நேராகக் கேளுங்கள்: "இவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?" கையில் சாவிக்கொத்தைக் கொடுப்போம், வாயில் துணியை வைப்போம் என்றால் அந்த இல்லத்தில் யாரும் அவருக்குப் பயிற்சி தரவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தைக் கொடுத்து 108-ஐ அழைப்போம் என்று ஒரு சாதாரண ஊழியர் தடுமாறாமல் சொன்னால், அந்த இடத்தை நடத்துபவர் கவனமானவர் என்று பொருள். உங்கள் அண்ணனுக்கு மிடசோலம் தேவையா, எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளை விடுவதுகூட ஆபத்து. மாதக் கடைசியில் மாத்திரை தீர்ந்துபோய், உறவினர் வாங்கி வரும்வரை இரண்டு நாள் கொடுக்காமல் விட்டு, தொடர் வலிப்போடு வார்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டுங்கள். கொடுத்தவுடன் கையெழுத்திட்ட பதிவேட்டில் மை நிறம் மாறும், நேரம் பத்து நிமிடம் முன்பின் இருக்கும், மறுத்துத் துப்பியது எழுதியிருக்கும். ஒரு மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், சரியாக எட்டு மணி எட்டு மணி என்று எழுதியிருந்தால் அது ஒரே நாளில் உட்கார்ந்து நிரப்பியது.

அதேபோல் விழுந்தவர்களின் பதிவைக் கேளுங்கள். "எங்கள் இல்லத்தில் யாரும் விழுந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். மூளைக்காயம் பட்ட இருபது பேர் இருக்கும் இடத்தில் ஓராண்டில் ஒருவர்கூட விழவில்லை என்றால், ஒன்று எல்லோரையும் கட்டி வைத்திருக்கிறார்கள் அல்லது மருந்தால் படுக்க வைத்திருக்கிறார்கள் அல்லது எழுதுவதில்லை. யார் விழுந்தார், எத்தனை மணிக்கு, எதற்காக எழுந்தார், அதன்பின் எதை மாற்றினோம் என்று எழுதி வைத்திருக்கும் இடத்தையே நான் நம்புவேன். இரவில் எழுபவர்களில் பலர் கழிப்பறைக்குத்தான் எழுகிறார்கள். பன்னிரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அழைத்துப் போனாலே பாதி விழுதல்கள் குறைவதை எங்கள் இல்லத்திலேயே கண்டோம்.

கத்துவதற்கும் இது பொருந்தும். பேச முடியாதவர் கத்தினால், முதலில் வலி, மலச்சிக்கல், நிறைந்த சிறுநீர்ப்பை, சிறுநீர்த் தொற்று, பசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஊசி போடுவது பராமரிப்பு ஆகாது. மேலும், அமைதிப்படுத்தும் மருந்துகளில் ஹாலோபெரிடால் மூளையின் மீட்சியைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் மருத்துவர்கள் இயன்றவரை தவிர்க்கிறார்கள். குளோர்ப்ரோமசின் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியது. உங்கள் அண்ணனுக்கு எந்த மருந்து புதிதாகச் சேர்க்கப்பட்டாலும், யார் எழுதினார், எதற்காக, எப்போது நிறுத்துவார் என்ற மூன்றும் உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை இல்லத்தார் கேட்டுக்கொண்டார்களா, குறித்துக்கொண்டார்களா? விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு உணவு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். சிலருக்கு இருமலே வராமலும் இறங்கும். நேராக உட்கார வைத்து ஊட்டி, அரை மணி நேரம் சாய்க்காமல் இருக்க வேண்டும். ரசம் சோறு எளிதாக இறங்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நீரும் பருக்கையும் கலந்த உணவுதான் இவர்களுக்குக் கடினம். சாம்பாரில் ஊறி ஒரே பதமாகக் குழைந்த இட்லி அதைவிட நல்லது. சேர்ப்பதற்கு முன் பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டி, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வு மையம், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் இத்தகைய மதிப்பீட்டுக்கு வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் இல்லத்தார் அறிந்திருக்க வேண்டும். நன்றாக இருந்தவர் சில வாரங்களில் நடை தடுமாறி, சிறுநீர் தன்னை மீறிப் போய், சோர்ந்து தூங்கத் தொடங்கினால், "நோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. மூளையில் நீர் கோத்திருக்கலாம். அது சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது. எலும்பு இல்லாத இடம் வழக்கத்தைவிடப் புடைத்திருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க அதே ஊழியர் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். எனவே அவரைக் கவனிக்கப் போகும் ஊழியர் அங்கே எத்தனை மாதமாக வேலை செய்கிறார் என்றும் கேளுங்கள்.

வழக்குரைஞர், மதுரை:

சட்டப் பக்கத்தை மட்டும் சுருக்கமாகக் கூறுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் நிறுவனம் பதிவுச் சான்று இல்லாமல் இயங்கக் கூடாது. அந்தச் சான்றை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். மனநல நிறுவனமாக இயங்கும் இடம் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். "முதியோர் இல்லம்" என்ற பதிவை மட்டும் காட்டினால், உங்கள் அண்ணன் போன்றவரை எந்தப் பதிவின் கீழ் வைத்துக்கொள்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கட்டி வைப்பதைப் பற்றி. மனநலச் சட்டம் மனநோய் என்பதை வரையறுக்கும்போது நினைவாற்றலிலும், இடம் காலம் அறிவதிலும் ஏற்படும் கடும் சீர்குலைவையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே மூளைக்காயம் பட்டவர்களில் பலருக்கு அதன் பாதுகாப்பைக் கோர முடியும் என்பது என் கருத்து. அதன் 95-ஆவது பிரிவு சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. 97-ஆவது பிரிவின்படி, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ செய்யக் கூடாது. கோவை சகோதரியின் கணவருக்கு நடந்தது இவ்வளவுக்கும் புறம்பானது. பொறுப்பில் உள்ளவர் அறிந்தே உணவு மறுப்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கொடுமை நடப்பதாக அறியும் எவரும் 7-ஆவது பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் (கோட்டாட்சியர் போன்றவரிடம்) தெரிவிக்கலாம்.

செவிலியர் அம்மா இரவைப் பற்றி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், விடியும் முன் பற்றிய தீயில் ஒரு காப்பகத்தில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று சங்கிலி இல்லாத இடங்களிலும் இரவில் வெளிப்பூட்டு உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது, நடக்க முடியாதவர்கள் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள், தீப்பிடித்தால் அவர்களை யார் தூக்குவார்கள் என்று கேளுங்கள். மாடியில் சக்கர நாற்காலிக்காரர்களை வைத்துவிட்டு மின்தூக்கியை நம்பியிருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆதார் அட்டை, ஏடிஎம் அட்டை, வங்கிப் புத்தகம் எதையும் இல்லத்தில் ஒப்படைக்க வேண்டாம். எந்தத் தாளிலும் அவருடைய பெருவிரல் ரேகையை உங்களைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர் சார்பில் கையெழுத்திடும் தேவை இருந்தால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்திலோ அரசு அறிவித்த அதிகாரியிடமோ வரையறுக்கப்பட்ட பாதுகாவலராக, அதாவது குறிப்பிட்ட முடிவுகளை மட்டும் அவரோடு சேர்ந்து எடுப்பவராக, நியமனம் பெறலாம். வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது என்றால், பராமரிப்பாளர் செலவைத் தனித் தலைப்பாகக் கோரியிருக்கிறார்களா என்று பாருங்கள். தலைக்காயத்தால் முற்றிலும் பிறரைச் சார்ந்துவிட்ட ஒரு சிறுமியின் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், இரண்டு பராமரிப்பாளர்களுக்கான செலவை ஆண்டுக் கணக்கில் பெருக்கி 21,60,000 ரூபாய் வழங்கியது.

திண்டுக்கல் தங்கை:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கோவை அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் அண்ணனின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சென்ற வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், சென்னை இல்லத்துக்குப் போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது, சிசிடிவி பதிவைக் காலையில் காட்டுவதாகச் சொன்னார். மறுநாள் மாத்திரைப் பதிவேட்டைக் கேட்டேன். கணினியில் இருக்கிறது, அச்சிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.

ஞாயிறு இரவு மதுரைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அங்கே ஆறு ஆண்டாக வேலை செய்கிறார். வலிப்பு பற்றிக் கேட்டதற்கு, செவிலியர் அம்மா எழுதியதை ஏறக்குறைய அப்படியே சொன்னார். மிடசோலம் மட்டும் அவர்களிடம் இல்லை, மருத்துவர் எழுதித் தந்தால் வாங்கி வைப்பதாகச் சொன்னார்கள். விழுந்தவர்களின் நோட்டில் இந்த ஆண்டு ஒன்பது பதிவுகள் இருந்தன. அதில் மூன்று ஒரே ஆளுடையவை. மூன்றாவதற்குப் பிறகு அவர் கட்டிலைத் தாழ்த்தி, கழிப்பறைக்கு அருகே மாற்றியிருக்கிறார்கள். எல்லா அறைகளும் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன. பதிவுச் சான்று மாட்டியிருந்தது, காலாவதி ஆகவில்லை. குறை என்றால், இரவில் பதினெட்டுப் பேருக்கு இரண்டு பேர்தான் விழித்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் மட்டுமே செவிலியர். விழுங்கல் பயிற்சியாளர் யாரும் வருவதில்லை.

முதலில் பதினைந்து நாள் மட்டும் சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் வேலூரில் விழுங்கலைக் காட்டி எழுதி வாங்கப் போகிறோம். அம்மா அந்நாட்களில் மதுரையில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்க் குளிக்க வைப்பார். இல்லத்தார் இதற்குத் தயங்கவே இல்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எலும்பு இல்லாத பக்கத்துக்குத் தலைக்கவசம் போட்டே வைத்திருக்க வேண்டுமா? அண்ணன் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்.

நரம்பியல் வார்டு செவிலியர்:

படுத்திருக்கும்போது வேண்டாம், எழுந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் வேண்டும். வண்டிக்கான தலைக்கவசம் கனமானது, வியர்க்கும், அதனால்தான் எறிகிறார். செயற்கை உறுப்புப் பிரிவில் அளவெடுத்து, உள்ளே பஞ்சு வைத்த இலேசான கவசம் செய்து தருவார்கள்; வேலூர் போகும்போது அதையும் கேளுங்கள். அந்தப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கக் கூடாது. இரவுப் பணிக்குப் புதிதாக வருபவருக்கும் தெரியும்படி, "இடப்பக்கம் எலும்பு இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். நோயேட்டின் முதல் பக்கத்திலும் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். இரவில் எழுந்தால் முதலில் கவசம், பிறகு கழிப்பறை என்ற வரிசையை இப்போதே வீட்டில் தொடங்கிவிடுங்கள். பதினைந்து நாள் பழகினால் போகும் இடத்திலும் அவர் கை தானாகவே அதைத் தேடும்.